எழுத்தின் முன்பின்: பெருமுக்கல் பாறையும் சீனத் தூரிகையும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் எழுந்து நிற்கும் பெருமுக்கல் மலையில் இருவகை எழுத்துகள் இருக்கின்றன. ஒருவகை, சிவன் கோயிலின் கற்களில் வெட்டப்பட்ட சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள். மற்றொருவகை, குகைப் பாறையில் வரலாற்றுக்கு முற்பட்ட மனிதர் கீறிவைத்த கோட்டுருவங்கள். முதல்வகையைக் கல்வெட்டறிஞர் இன்று வரிக்கு வரி படித்துவிடுகின்றனர். இரண்டாம் வகையை எழுத்து என்று அழைக்கலாமா, ஓவியம் என்று அழைக்கலாமா என்பதே தீர்ந்தபாடில்லை. கோடுகள் கண்முன் இருக்கின்றன. கீறிய கையின் வழக்கம் மட்டும் நம்மை வந்தடையவில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் காலத்தின் தொலைவு ஒன்றே என்று கருதிவிடக் கூடாது. சோழர் கால எழுத்து இன்றைய எழுத்தாக மாறிய வழியில் ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறையின் கையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறது. அச்சங்கிலி அறுபடாததால் இடையில் நேர்ந்த மாற்றங்களைப் பின்னோக்கி நடந்து கண்டுகொள்ள முடிகிறது. பாறைக் கீறல்களுக்கு அத்தகைய சங்கிலி இல்லை. ஒரு கோட்டை மற்றொரு கோடு வெட்டிச் செல்லும் இடத்தில் எது முந்தியது, எது பிந்தியது என்பதை ஆய்வாளர் கூர்ந்து நோக்கிச் சொல்ல இயலும். அம்மட்டில் வரிசையின் ஒரு துணுக்கு மீள்கிறது, பொருள் மீள்வதில்லை. எனினும் அத்துணுக்கையும் விடாமல் தேடுவதிலிருந்தே, ஒரு வடிவத்தை அறிவது வேறு, அது உருவான முறையை அறிவது வேறு என்பதை ஆய்வுலகம் ஒப்புக்கொள்கிறது என்று தெரிகிறது.

எழுத்து உருவாகும் முறையையே கல்வியின் முதற்படியாக வைத்து, அதை ஈராயிரம் ஆண்டுக்காலம் போற்றிவந்த பண்பாடு சீனப் பண்பாடு. சீன எழுத்துகளைக் கற்கப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது எழுத்தின் பொருளையன்று, கீற்று வரிசையை. தூரிகையைத் தாளில் வைத்து மீண்டும் எடுக்கும்வரை இழுக்கும் கோடு ஒரு கீற்று. எழுத்து ஒவ்வொன்றுக்கும் இத்தனை கீற்றுகள் என்ற கணக்கும், எதற்குப்பின் எது என்ற வரிசையும் உண்டு. கிடைக்கோட்டுக்கு ஹெங், நெடுங்கோட்டுக்கு ஷூ, இடப்புறம் சாய்ந்து இறங்கும் கோட்டுக்குப் பியே, வலப்புறம் சாய்ந்து இறங்கும் கோட்டுக்கு நா என்று பெயர்கள் இருக்கின்றன. குழந்தைகள் இப்பெயர்களை வாய்விட்டுச் சொல்லி, விரலால் காற்றில் எழுதிப் பழகுவர். அதன்பின்னரே கட்டமிட்ட ஏட்டில் எழுதுவர். மணலில் விரல் பதித்து, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிப் பயின்ற நம் திண்ணைப் பள்ளி முறை இதற்குத் தொலைவானதன்று. இது நமக்கு அயலான செய்தியும் அன்று. மலேசியாவின் சீனமொழித் தொடக்கப் பள்ளிகளில் மலாய்க் குழந்தைகளோடு தமிழ்க் குழந்தைகளும் அமர்ந்து இக்கீற்றுகளைப் பயில்கின்றனர்.

வரிசையின் பொது விதிகள் சிலவே. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். கிடைக்கோடும் நெடுங்கோடும் ஒன்றையொன்று வெட்டுமாயின் கிடைக்கோடு முன். ‘பத்து’ என்னும் எழுத்து ஒரு சிலுவை வடிவம்; அதில் முதலில் கிடைக்கோடு, பிறகு நெடுங்கோடு. ‘சிறிது’ என்னும் எழுத்தில் நடுக்கோடு முதலில் நிற்கும். இரு பக்கத்துச் சிறு கீற்றுகளும் அதன்பின் வரும். ‘நாடு’ என்னும் எழுத்தில் சுற்றுச் சுவரை எழுப்பி, உள்ளிருப்பதை எழுதி, இறுதியில் அடிக்கோட்டால் மூட வேண்டும். உள்ளே நுழைந்தபின் கதவை அடைப்பது என்று ஆசிரியர்கள் இவ்விதியைக் குழந்தைகளுக்கு விளக்குவர்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? எழுதி முடித்த எழுத்து சரியாக இருந்தால் போதாதா? கணினி யுகத்தில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. இதை வெறும் சோம்பலின் கேள்வியென்று தள்ளிவிடவும் முடியாது. இதற்குச் சீன மரபு தரும் விடைகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, நினைவு. ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கண்ணின் நினைவால் மட்டும் காப்பது கடினம். 1716இல் நிறைவுற்ற காங்ஷி அகராதியில் நாற்பத்தேழாயிரம் எழுத்துகள் அடங்கியிருக்கின்றன. அன்றாட வாசிப்புக்கே மூவாயிரம் வேண்டும். ஒரே வரிசையில் பன்முறை எழுதிய கை, மனம் தயங்கும் வேளையிலும் தானே நகர்ந்து எழுத்தை முடித்துவிடுகிறது. பெய்ஜிங் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பெற்று 2005இல் வெளிவந்த ஆய்வொன்று, சீன மொழியில் வாசிக்கும் திறன் எழுதும் திறனோடு நெருங்கிப் பிணைந்திருப்பதாகக் கூறியது. எழுதும் ஆற்றலை இழந்தும் வாசிக்கும் ஆற்றலை இழக்காத நோயாளியைச் சான்று காட்டி 2009இல் வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தனர். விவாதம் எவ்வாறு முடியினும், விசைப்பலகையில் ஒலியைத் தட்டி எழுத்தைத் தெரிவுசெய்யும் தலைமுறை, பேனாவை எடுத்தால் எழுத்தை மறந்து திகைக்கிறது என்பதைச் சீனர்களே கவலையோடு பேசி வருகின்றனர்.

இரண்டாவது, விரைவெழுத்து. அவசரமாக எழுதும்போது தூரிகை தாளைவிட்டு முழுதும் எழாது. ஒரு கீற்றின் முடிவும் அடுத்த கீற்றின் தொடக்கமும் மெல்லிய இழையால் இணைந்துவிடும். ஓடும் எழுத்திலும் புல்லெழுத்து எனப்படும் சுருக்கெழுத்திலும் பாதிக் கீற்றுகள் மறைந்து இவ்விழைகளே எஞ்சுகின்றன. வரிசை அறிந்தவர் இழையைப் பின்பற்றி எழுத்தை அடையாளம் கண்டுகொள்வார். அறியாதவருக்கு அது பெருமுக்கல் பாறையைப் போன்றதே. வரிசை பிறழ எழுதியவர் தனியாக நிறுத்தி எழுதும்போது பிழை தெரியாது. விரைந்து எழுதும்போது அவர் எழுத்தைப் பிறர் படிக்க முடியாது.

மூன்றாவது, அழகு. ‘யொங்’ என்னும் ஓர் எழுத்து உண்டு. நிலையானது, என்றும் உள்ளது என்று பொருள். பள்ளிக் கணக்கில் அதற்கு ஐந்தே கீற்றுகள். எழுத்துக் கலைஞர் கணக்கிலோ, தூரிகையின் அடிப்படை அசைவுகள் எட்டும் அவ்வோர் எழுத்தில் அடங்கியிருக்கின்றன. ஆதலின் மாணவர் பல்லாண்டு அதை எழுதிப் பழகுவர். தூரிகையை எங்கே அழுத்தினார், எங்கே தூக்கினார், எங்கே தயங்கினார் என்பதைக் காய்ந்த மையிலிருந்தே தேர்ந்த கண் படித்துவிடும். எழுதப்பட்ட எழுத்தையும் வரையப்பட்ட எழுத்தையும் பிரித்தறிய உதவும் அளவுகோல் இதுவே. வெளிக்கோட்டை வரைந்து உள்ளே மை நிரப்பிய எழுத்து எவ்வளவு ஒழுங்காயினும் சீனத் திறனாய்வாளர் அதை உயிரற்றது என்றே ஒதுக்குவர்.

இம்மூன்று விடைகளையும் ஏற்றுக்கொண்டாலும், சரியான வரிசை என்பது ஒன்றே ஒன்றுதானா என்ற வினா நிற்கிறது. ‘வயல்’ என்னும் எழுத்து, நான்காகப் பகுக்கப்பட்ட ஒரு கட்டம். அதன் உள்ளே சீனக் குழந்தை முதலில் கிடைக்கோட்டை இடும்; ஜப்பானியக் குழந்தை முதலில் நெடுங்கோட்டை இடும். ‘மன்னன்’ என்னும் எழுத்தில் மூன்று கிடைக்கோடுகளை ஒரு நெடுங்கோடு இணைக்கிறது. அந்நெடுங்கோடு சீனத்தில் மூன்றாவதாக வருகிறது, ஜப்பானில் இரண்டாவதாக. சீன அரசு 1997இல் ஏழாயிரம் எழுத்துகளுக்கு வரிசையை வகுத்தது. 2020இல் வெளியிட்டு 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்திய புதிய விதித்தொகுப்பில் 8105 எழுத்துகளுக்கு அதனை நிலைநாட்டியது. ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1958இல் 881 எழுத்துகளுக்கு வழிகாட்டி நூல் வெளியிட்டபோது, இதில் காட்டப்படாத வரிசைகளெல்லாம் பிழை என்று கொள்ளலாகாது என்பதையும் உடன் உணர்த்தியது. ஜப்பானியரின் அவ்வடக்கம் பாராட்டத்தக்கது. பள்ளித் தேர்வில் ஒரு குழந்தையின் எழுத்து செம்மையாயிருந்தும் வரிசை மாறியதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது, கருவியை நோக்கமாக மயங்கிக்கொள்வதேயாகும்.

ஆயினும் ‘வரிசைகள் பல’ என்பதிலிருந்து ‘வரிசையே தேவையில்லை’ என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. முஸ்லிம் வாசகர்களுக்கு இதை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. திருக்குர்ஆனை ஓதும் முறைகள் பல. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்து 936இல் மறைந்த இப்னு முஜாஹித் ஏழு முறைகளைத் தொகுத்துத் தந்தார். நம் நாட்டில் ஹஃப்ஸ் வழியும், மேற்கு ஆப்பிரிக்காவிலும் மக்ரிபிலும் வர்ஷ் வழியும் ஓதப்படுகின்றன. எழுத்திலும் அவ்வாறே. மக்ரிபு எழுத்துமுறையில் ‘ஃபா’வின் புள்ளி கீழே இருக்கும், ‘காஃப்’புக்கு மேலே ஒரு புள்ளியே உண்டு. நம் கண்ணுக்குப் பிழையாகத் தோன்றுவது அங்கே செம்மை. இவற்றுள் எதுவும் தன்போக்கில் முளைத்ததன்று. ஒவ்வொன்றுக்கும் ஆசிரிய வழி உண்டு. பன்மைக்கு இடமிருக்கிறது, வேரில்லாமைக்கு இடமில்லை.

இன்னொரு சான்றும் இங்கே பொருந்தும். அறிவைத் தேடச் சீனம் வரை செல்லச் சொல்வதாக நம் மேடைகளில் ஓயாமல் ஒலிக்கும் கூற்று ஒன்று உண்டு. அதன் பொருள் நல்லது, சொல்லும் இனியது. ஆயினும் ஹதீஸ் கலை அறிஞர்கள் அதன் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து, பலவீனமானது என்றனர். 1201இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி அதைப் புனையப்பட்டவற்றின் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டார். எவ்வளவு அழகிய சொல்லாயினும் வந்த வழி செம்மையாக இல்லாவிடில் நபிமொழியென்று ஏற்க மறுத்த அறிவு மரபு நம்முடையது. முடிந்த வடிவத்தோடு நில்லாமல் அது எவ்வழியே, யார் பின் யார் வழியாக வந்தது என்று கேட்பதே ‘இஸ்னாத்’. கீற்று வரிசையைக் கேட்கும் சீன ஆசிரியரின் கேள்வியும் இதற்கு உறவானதே. சீனத்தின் பெயரால் வழங்கும் கூற்றைச் சோதித்த முறையே சீன எழுத்துக் கல்வியின் உட்பொருளை நமக்கு விளக்குவது வியப்புக்குரிய பொருத்தம்.

தமிழும் சீனமும் முஸ்லிம் உலகின் எழுத்தும் ஒரே பலகையில் சந்தித்த வரலாறும் உண்டு. இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டே அது. யுன்னான் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. நான்ஜிங் நகரில் 1409இல் பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது; தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது; பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் இஸ்லாமிய நல்லடியார்களையும் போற்றுகிறது. காணிக்கைகளோ மூவர்க்கும் ஏறத்தாழச் சமம். எழுத்துக் கலையின் நோக்கில் இக்கல் ஒரு பாடம். சீனம் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடம் நகரும் நிரல்களாக ஓடுகிறது; தமிழ் இடமிருந்து வலமாக ஓடுகிறது; பாரசீகம் வலமிருந்து இடமாக ஓடுகிறது. மூன்று கைகளின் மூன்று பழக்கங்கள் ஒன்றையொன்று நெருக்காமல் ஒரு கல்லில் அமைந்திருக்கின்றன. சீனப் பகுதியின் தேதி ‘யொங்லோ’ பேரரசரின் ஏழாம் ஆண்டு என்று தொடங்குகிறது. அப்பெயரின் முதலெழுத்து, எட்டு அசைவுகளும் அடங்கிய அதே ‘யொங்’. நிலையானது என்று பொருள்படும் எழுத்தைத் தாங்கிய அக்கல்லில் மிகவும் தேய்ந்து போனது பாரசீகப் பகுதி என்பதை வருத்தத்தோடுதான் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

சீன முஸ்லிம்களான ஹூய் மக்களின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பதினாறாம் நூற்றாண்டில் ஷான்சி மாநிலத்தில் ஹூ தெங்சௌ (1522–1597) பள்ளிவாசலை மையமாகக் கொண்ட கல்வி முறையைத் தொடங்கினார். அங்கே அரபு பயின்றோர் பலருக்குச் சீன எழுத்து கைவரவில்லை. ஆதலின் அவர்கள் தாம் பேசிய சீனத்தை அரபு எழுத்தால் எழுதினர். அம்முறைக்குச் சியாவ் அர்ஜிங் என்று பெயர். தமிழை அரபு எழுத்தால் எழுதிய நம் அரபுத்தமிழுக்கு இது உடன்பிறப்பு. சீனத்துக்கே உரிய ஒலிகளுக்காக அவர்கள் எழுத்துகளைப் புதுக்கியது போலவே, ட, ள, ழ முதலிய ஒலிகளுக்காக நம் முன்னோர் அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புத்தெழுத்துகள் படைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பேரறிஞர் நூல்கள் இவ்வெழுத்தில் உள்ளன.

ஹூய் மக்கள் மற்றொன்றும் செய்தனர். அரபு எழுத்தைச் சீனத் தூரிகையின் அசைவில் எழுதி ‘ஸீனி’ என்னும் பாணியை உருவாக்கினர். இப்பாணியின் இன்றைய புகழ்பெற்ற கலைஞர், ஷான்டோங் மாநிலத்தில் 1963இல் பிறந்த ஹாஜி நூருத்தீன் மி குவாங்ஜியாங். இவர் 1997இல் எகிப்தில் அரபு எழுத்துக்கலைச் சான்றிதழ் பெற்றார். அதைப் பெற்ற முதல் சீனர் இவரே. அரபு எழுத்தின் ஒழுங்கை அவர் உரிய வழியில் கற்றார். சீனத் தூரிகையின் ஒழுங்கையும் கைவிடவில்லை. அழுத்திப் பிறகு தூக்கும் கீற்றில் அலிஃப் மூங்கில் தண்டுபோல் எழுகிறது. இரு மரபுகளின் முறையையும் கை அறிந்ததால்தான் அக்கலப்பு அழகாயிற்று. வடிவத்தை மட்டும் பார்த்து ஒட்டியிருந்தால் அது அலங்காரமாகவே நின்றிருக்கும்.

நம் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது திறனாய்வின் கடமை. அரபு எழுத்துக்கும் வரிசை உண்டு: சொல்லின் உடல் முதலில், புள்ளிகள் பின்னர், குறில் அடையாளங்கள் இறுதியில். 940இல் மறைந்த இப்னு முக்லா, எழுதுகோலின் முனை இடும் சாய்சதுரப் புள்ளியையே அளவாகக் கொண்டு எழுத்துகளுக்கு விகிதம் வகுத்தார். ஆசிரியர் முன் எழுதிக் காட்டி ‘இஜாஸா’ பெற்ற பின்னரே தம் பெயரைக் கையொப்பமிடும் வழக்கம் உதுமானியர் காலத்தில் நிலைபெற்றது. இறைமறையின் ஓர் அத்தியாயத்துக்கே எழுதுகோலின் பெயர் அமைந்திருக்கிறது. ஆயினும் நம் மக்தப்களில் பெரும்பாலும் ஓதக் கற்பிக்கிறோம், எழுதக் கற்பிப்பதில்லை. ஒலி பிறக்கும் இடத்தை, மக்ரஜை, இத்தனை கவனத்தோடு திருத்தும் உஸ்தாதுகள், எழுத்து பிறக்கும் இடத்தைத் திருத்த நேரம் பெறுவதில்லை. நாவுக்குத் தந்த தஜ்வீதைக் கைக்கு மறுத்திருக்கிறோம். நம் பள்ளிவாசல் சுவர்களில் கணினி எழுத்துருவின் வெளிக்கோட்டைப் பதித்து வண்ணம் நிரப்பும் வழக்கம் பெருகியதன் காரணமும் இதுவே. அவை வரையப்பட்ட எழுத்துகள், எழுதப்பட்டவை அல்ல.

தமிழிலும் நிலைமை மாறுபட்டதன்று. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்கிறது தொல்காப்பியம். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று கூறவில்லை. அதை ஆசானின் கை கற்பித்தது. ஓலையில் எழுத்தாணியால் எழுதியோர் கிழியாவண்ணம் வளைத்து எழுதிய பழக்கம் எழுத்தின் உருவிலேயே படிந்திருக்கிறது. ‘கொ’ என்று எழுதும்போது ஒலியில் பின்வரும் உயிரின் கொம்பைக் கை முதலில் இடுகிறது. இவையெல்லாம் நூலில் இல்லாத, கையில் மட்டும் இருக்கும் அறிவு.

அரபுத்தமிழ் நூல்களுக்கு இன்று நேர்ந்திருப்பதை இந்நோக்கில் காண வேண்டும். அவற்றை ஒளிப்படம் எடுத்து மின்னாக்கம் செய்யும் முயற்சிகள் போற்றத்தக்கவை. ஆனால் ஒளிப்படம் காப்பது முடிந்த வடிவத்தை. கல்லச்சுப் பிரதிகளின் விரைந்த கையெழுத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று இழைந்து கிடக்கும் இடங்களை, அவ்வாறு எழுதிப் பழகிய கையே எளிதில் பிரித்துக் காட்டும். சிறுவயதில் பலகையில் அரபுத்தமிழ் எழுதிக் கற்ற முதியோர் கடலோர ஊர்களில் மிகச் சிலரே எஞ்சியிருக்கின்றனர். அவர்கள் மறைந்தபின் வடிவம் நம்மிடம் இருக்கும், எழுத்து இருக்காது. பெருமுக்கல் குகைக்கும் நம் நூலகத்துக்கும் இடையிலான தூரம் அப்போது மிகவும் குறைந்துவிடும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. முதியவர் ஒருவரிடம் எழுதுகோலைத் தந்து, எழுத்தொன்றைப் பலமுறை எழுதச் சொல்லி, அவர் முகத்தை விட்டுக் கையை மட்டும் அசைபடமாகப் பதிவுசெய்ய வேண்டும். எங்கே தொடங்கினார், எங்கே கையைத் தூக்கினார், எந்தப் புள்ளியை எப்போது இட்டார் என்று அவர் வாய்மொழியாகவே சொல்லக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊர்தோறும் வேறுபாடுகள் தென்படும். ஜப்பானியர் காட்டிய அடக்கத்தோடு அவற்றைப் பிழையென்று தள்ளாமல், யாரிடம் கற்றது என்ற விவரத்தோடு சேர்த்துவைக்க வேண்டும். நம் மதரசாக்களும் கல்லூரி அரபுத் துறைகளும் ஒரு பருவத்தில் செய்துவிடக்கூடிய பணி இது. மின்னாக்கம் செய்த ஏடுகளை நாளைய மாணவன் திறக்கும்போது, பக்கத்தின் அருகில் அதை எழுதும் கையும் அவனுக்குத் தெரிய வேண்டும்.